ஏழு கையெழுத்து

இரண்டு ஓட்டில் தோற்றேன்.
ஒன்று என் மச்சினனுடையது என்பது
எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கும் தெரியும்.

சபைச் செயலாளர்: பாக்கியஜோதி,
பத்தாம் நம்பர் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள்.
நானோ பதினெட்டு வருஷம்
சட்டைப்பையில் பேனாவோடு சந்தா வசூலித்தவன்.
அன்றிரவே பேராயருக்கு மனு எழுதினேன்.
தகுதி என்ற சொல் நான்கு முறை வந்தது.
ஏழு பேர் கையெழுத்திட்டார்கள்.
ஏழாவது ஏசுவடியான். எதற்கென்று கேட்கவில்லை,
கூரைக்கு ஓடு கிடைக்குமென்று நினைத்திருக்கலாம்.

கோத்தகிரித் தபாலாபீசுக்குக் கொண்டுபோக
வெயில் வரட்டும் என்றிருந்தேன்.
கார்த்திகை. வரவில்லை.
மூன்று நாள் மலை குடித்துக்கொண்டே இருந்தது,
நான்காம் நாள் விடியுமுன் கக்கியது.

இடி மாதிரி இல்லை.
லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம்,
நிற்காமல்.
சில்வர் ஓக் மரங்கள் நின்றவாக்கிலேயே நடந்து போயின.
ரோடு போயிற்று. கரண்டுக் கம்பம் போயிற்று.
குன்னூரிலிருந்து வரவேண்டிய ஐயர்
ஆறு வளைவுக்கு அப்பால் மாட்டிக்கொண்டார்.

ஆலயத்தில் நாற்பது பேர், ஈரத்தோடு.
எல்லோரும் யாரையாவது பார்த்தார்கள்.
சிலர் என்னை. மறைப்பானேன்,
தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.
வசனம் ஒன்று தயாராகவே இருந்தது.

அவள் பீடத்துப் பக்கமே போகவில்லை.
முழங்கால்வரை சேற்றோடு நேராக என்னிடம் வந்தாள்.
"அண்ணே, எந்த வீட்டுல எத்தன பேருன்னு
உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க, எழுதணும்."
சபை நோட்டு நனைந்து களியாகியிருந்தது.
"பேப்பர் இருக்கா?"

இருந்தது.
பிளாஸ்டிக் உறையில், பத்திரமாக, என் நெஞ்சுக்கு மேல்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெஞ்சில் கவிழ்த்துவைத்துப் பின்பக்கம் எழுதினாள்.
முன்பக்கத்தைப் பார்த்தாளா?
நல்ல வெளிச்சமுள்ள டார்ச் அது.

கீழ் லைன், முதல் வீடு: யோவேல், மனைவி, கைக்குழந்தை.
மூன்றாவது: பத்து மாசமாய்ச் சந்தா இல்லை,
பக்கவாதம், தூக்கித்தான் வரணும்.
ஐந்தாவது: தட்டினால் திறக்காது, கடன்காரன் என்று பயப்படும்,
பேர் சொல்லிக் கூப்பிடணும்.
பாக்கி என்று நான் குறித்துவைத்திருந்த வீடுகளெல்லாம்
முதலில் ஓடவேண்டிய வீடுகளாக இருந்தன.

மேல் லைன் மாதா கோயில் உபதேசியார் செபமாலை
கயிறும் ஆறு பையன்களுமாய் இறங்கி வந்தார்.
தகரக் கொட்டகை ஜெபவீட்டிலிருந்து
மண்வெட்டியோடு மூன்று பேர்.
ஒரு நடைபாதைக்காக ஒன்பது வருஷம்
முகம் பார்க்காதவர்கள் நாங்கள்.
யாரும் சமாதானம் பேசவில்லை.
கயிற்றுக்கு இரண்டு முனை தேவைப்பட்டது.

புறப்படுமுன் கர்த்தர் கற்பித்த ஜெபம்.
நாங்கள் பரமண்டலம் என்ற இடத்தில்
அவர்கள் விண்ணுலகம் என்றார்கள்.
நாங்கள் பிதா, அவர்கள் தந்தை,
கொட்டகைக்காரர்களுக்கு வெறும் அப்பா.
ஒருவர்மேல் ஒருவர் தடுக்கி விழுந்து
மூன்று தவணையாய் ஆமெனுக்கு வந்துசேர்ந்தோம்.
"கேட்டிருக்கும், வாங்க" என்றாள்.

முன்னால் யார் என்றபோது
சரிவில் கால் பழகிய கொழுந்துக்காரப் பெண்களைக் காட்டினாள்.
என்னை வால்பக்கம் நிறுத்தினாள்.
"யாரும் விட்டுப்போகாம எண்ணிக்கிட்டே வாங்கண்ணே.
எண்ணுறது உங்களுக்கு வரும்."

அறுபத்திரண்டு வரை எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.
பொழுது சாயும்வரை தோண்டினோம்,
செபமாலையின் பையன்கள்தான் முதலில் ஓட்டைத் தொட்டார்கள்.
ஏசுவடியான் பழைய கூரைக்கடியில்தான் இருந்தார்.

அடக்கத்துக்கு மூன்று சபையும் வந்தது.
ஐயர் சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தார்.

அந்தத் தாள் இப்போது ஆலய அறிவிப்புப் பலகையில்.
பெயர்கள் வெளியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்,
ஒன்றுக்கு மட்டும் இல்லை.
மனு பலகையைப் பார்த்தபடி இருக்கிறது,
அவர் கையெழுத்தும் அங்கேதான்.

நான்கு குண்டூசி. துருப்பிடித்துவிட்டன.
பெருக்குகிறபோது பாக்கியஜோதி
ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போனாள்.
எதுவும் சொல்லவில்லை.
மூன்றாவது வீட்டுக்கு ஞாயிறுதோறும் போகிறேன்.
நோட்டு கொண்டுபோவதில்லை.